ஒவ்வாத உணவை அறிவது எப்படி?



காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது என்பது நம் நாட்டில் வழங்கும் பழமொழி. காக்கை ஒன்று பனைமரத்தில் வந்து அமர்ந்தது. அந்த நொடியிலேயே பழம் கீழே விழுந்தது. அதைக் கண்டவன், காக்கை அமர்ந்ததால்தான் பழம் விழுந்தது என்று முடிவு கட்டிவிட்டான். பழமோ முன்னரே முதிர்ந்து, காம்பு தளர்ந்து நின்றது. காக்கை வாராதிருந்தாலும் அது விழுந்தே இருக்கும். வடமொழித் தருக்க நூலார் இதனைக் காகதாலீய நியாயம் என்பர். ஒன்றன்பின் ஒன்று நிகழ்ந்தமை பற்றியே முன்னது காரணம், பின்னது காரியம் என்று கொள்ளலாகாது என்பது இதன் கருத்து.

இந்தப் பழமொழியை மறவாமல் நினைவிற்கொள்ள வேண்டிய இடம் ஒன்று உண்டு. அது நம் வயிறு. நேற்றுக் கத்தரிக்காய் உண்டேன். இன்று வயிறு வலிக்கிறது. ஆகவே கத்தரிக்காய் எனக்கு ஆகாது என்று எத்தனை பேர் சொல்லக் கேட்டிருக்கிறோம்! பெரும்பாலோர்க்கு இத்தகைய முடிவால் பெருந்தீங்கு நேர்வதில்லை. ஆனால் உணவையே மருந்தாகக் கொண்டு வாழவேண்டிய நோயாளி ஒருவர் இவ்வாறு முடிவு கட்டத் தொடங்கினால், அவர் உண்ணத்தக்கதை விலக்கி மெலிவார். விலக்கத்தக்கதை உண்டு கெடுவார். அத்தகைய நோய் ஒன்றைப் பற்றியும், அந்நோய் உடையார் தமக்கு ஒவ்வாத உணவை எவ்வாறு கண்டறிய வேண்டும் என்பதைப் பற்றியும் இன்று பேசுவோம்.

அந்நோயின் பெயர் சீலியாக் நோய் என்பது. வயிறு என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லின் அடியாகப் பிறந்தது இப்பெயர். இந்நோய் உடையார்க்குக் கோதுமை, வாற்கோதுமையாகிய பார்லி, ஐரோப்பாவில் மிகுதியாக விளையும் ரை ஆகிய மூன்று தானியங்களும் ஆகா. உண்டால் சிறுகுடல் புண்படும். குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கும், வயிற்று உப்புசமும், வளர்ச்சிக் குறைவும் உண்டாகும். பெரியவர்களுக்கு இரத்தச்சோகை, தீராத களைப்பு, எலும்பு மெலிவு, வாய்ப்புண் என்று பல வடிவில் அது தோன்றும். சிலருக்கு வெளிப்படையான குறி ஒன்றும் தோன்றாமலே உள்ளுக்குள் கேடு நிகழும்.

இந்நோயின் காரணத்தைக் கண்ட வரலாறு, காக்கையையும் பனம்பழத்தையும் பிரித்தறிந்த வரலாறே ஆகும். 1888 ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் சாமுவேல் கீ என்னும் மருத்துவர் இந்நோயை விளங்க எழுதினார். இதற்குத் தீர்வு உண்டெனில் அஃது உணவின் வாயிலாகவே கிட்டும் என்றும் அவர் கருதினார். நாள்தோறும் நெதர்லாந்து நாட்டுச் சிப்பி இறைச்சியை உண்ட குழந்தை ஒன்று நன்கு தேறியதையும், சிப்பி கிடைக்கும் பருவம் கழிந்ததும் மீண்டும் நலிவுற்றதையும் அவர் குறித்திருக்கிறார். குழந்தை தேறியது சிப்பியை உண்டதாலா, அன்றிச் சிப்பியால் வயிறு நிறைந்தபோது மாப்பண்டம் குறைந்ததாலா? அந்நாளில் இதனை அறிய வழியில்லை.

பின்னர் 1924 இல் அமெரிக்க மருத்துவர் சிட்னி ஹாஸ் என்பவர் வாழைப்பழ உணவு முறையை வெளியிட்டார். ரொட்டியையும் தானியங்களையும் நிறுத்தி, வாழைப்பழத்தை மிகுதியாகக் கொடுத்தார். குழந்தைகள் பலர் தேறினர். எல்லாரும் வாழைப்பழத்தைப் போற்றினர். வாழைப்பழம் நல்ல உணவே. அதில் ஐயம் இல்லை. ஆனால் இங்கு அது மரத்தில் வந்தமர்ந்த காக்கை. உண்மையில் நலம் தந்தது கொடுத்த பழம் அன்று, நிறுத்திய ரொட்டி. இதனை அறியாமையால், உடல் தேறிய பின் குழந்தைகளுக்கு மீண்டும் ரொட்டி கொடுக்கப்பட்டது. நோயும் மீண்டும் வந்தது.

இவ்விரண்டையும் பிரித்துக் காட்டிய பெருமை வில்லெம் டிக்கே என்னும் குழந்தை மருத்துவரைச் சாரும். அவர் 1905 இல் பிறந்து 1962 இல் மறைந்தவர். நெதர்லாந்தின் ஹேக் நகரிலுள்ள குழந்தைகள் மருத்துவமனையில் பணியாற்றியவர். கோதுமையின்மேல் அவருக்கு 1930களிலேயே ஐயம் எழுந்தது. 1941 இல் அதனை எழுதியும் வெளியிட்டார். பின்னர் இரண்டாம் உலகப் போரின் இறுதியில், 1944-45 ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், நெதர்லாந்தின் மேற்குப் பகுதியில் கொடிய பஞ்சம் வந்தது. ஒருவருக்கு ஒருநாளைக்குக் கிடைத்த பங்கீட்டு உணவு ஆயிரம் கலோரிக்கும் கீழே இறங்கியது. மக்கள் துலிப் மலரின் கிழங்கையும் சர்க்கரை பீட் கிழங்கையும் தின்று உயிர் வாழ்ந்தனர். நாடே பட்டினியால் வாடியபோது, ரொட்டி கிடைக்காத சீலியாக் குழந்தைகளின் நோய் மட்டும் தணிந்து நின்றது. டிக்கேயின் ஐயம் இதனால் வலுப்பெற்றது.

மாணவர்களே, இந்த இடத்தில் சற்று நின்று எண்ணிப் பாருங்கள். பஞ்சத்தில் குறைந்தது ரொட்டி மட்டுமா? பாலும் இறைச்சியும் கொழுப்பும் சர்க்கரையும் குறைந்தன அல்லவா? அவற்றுள் எது காரணம் என்பதைப் பஞ்சம் தானே சொல்லிவிடாது. டிக்கே இதனை உணர்ந்தவர். ஆகவே போருக்குப் பின் அவர் அளந்து அறியும் சோதனையில் இறங்கினார். குழந்தைகளின் உணவில் மற்றவற்றை மாற்றாமல், கோதுமையை மட்டும் சேர்ப்பார். சில காலம் கழித்து நீக்குவார். அதன் இடத்தில் வேறொரு தானியத்தை வைப்பார். உணவில் சென்ற கொழுப்பு எவ்வளவு, செரியாமல் மலத்தில் வெளியேறிய கொழுப்பு எவ்வளவு என்று ஒவ்வொரு முறையும் கணக்கிடுவார். அதனை அளக்கும் முறையை வகுத்துத் தந்தவர் வான் டெ காமர் என்னும் வேதியியலறிஞர். கோதுமை சேர்ந்தபோது குழந்தைகள் நலிந்தனர்; நீங்கியபோது தேறினர்; அரிசியால் தீங்கு இல்லை. 1950 இல் டிக்கே இதனைத் தம் பட்ட ஆய்வுரையாக எழுதினார். கோதுமையின் மாவுச்சத்தில் நஞ்சு இல்லை. அதன் புரதத்திலேயே உள்ளது என்பதும் 1953 க்குள் தெளிவாயிற்று.

அந்தப் புரதத்தின் பெயர் குளூட்டன். இலத்தீன் மொழியில் பசை என்பது இதன் பொருள். இதனை நீங்கள் உங்கள் வீட்டிலேயே காணலாம். ஒரு பிடி மைதா மாவை நீர் விட்டுக் கெட்டியாகப் பிசைந்து அரைமணி நேரம் வையுங்கள். பின்பு அந்த உருண்டையை ஒரு பாத்திர நீரில் மெல்லப் பிசைந்து கழுவுங்கள். நீர் பால்போல் வெளுக்கும், கரைவது மாவுச்சத்து. நீரை மாற்றி மாற்றிக் கழுவினால், இறுதியில் கையில் எஞ்சுவது இரப்பர்போல் இழுபடும் ஒரு பொருள். அதுவே குளூட்டன். இத்தாலி நாட்டின் பொலோனா நகரைச் சார்ந்த பெக்காரி என்னும் அறிஞர் இவ்வாறு இதனைப் பிரித்தெடுத்த செய்தி 1745 இல் அச்சாயிற்று. பரோட்டாவைக் கண்ணாடிபோல் மெலிதாக வீசி விரிக்க முடிவது இதனால்தான். அரிசி மாவிலும் கேழ்வரகு மாவிலும் இது இல்லாமையால் அவற்றை அவ்வாறு இழுத்து விரிக்க இயலாது.

சிறுகுடலின் உட்புறம் மொழுமொழுவென்று இருப்பதன்று. விரல்போன்ற மிக நுண்ணிய குடலுறிஞ்சிகள் பல இலட்சம் அதில் நெருங்கி நிற்கின்றன. அவை ஒவ்வொன்றும் அரை முதல் ஒரு மில்லிமீட்டர் உயரமே இருக்கும். செரித்த உணவை உறிஞ்சி இரத்தத்தில் சேர்ப்பவை அவையே. சீலியாக் நோயில், குளூட்டனின் செரியாத துண்டுகளைப் பகையென்று கருதி உடலின் காவற்படை எழுகிறது. எழுந்த படை தன் வீட்டுச் சுவரையே இடித்துத் தள்ளுகிறது. உறிஞ்சிகள் தேய்ந்து மட்டமாகின்றன. அதன்பின் எவ்வளவு நல்ல உணவு உண்டாலும் அஃது உடலில் ஒட்டுவதில்லை. இந்நோய் வருவதற்கான மரபுக்கூறு பிறப்பிலேயே அமைவது. ஆயினும் அக்கூறு உடையவர் எல்லாருக்கும் நோய் வருவதில்லை. ஒரு சிலருக்கே வருகிறது.

உலகில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவருக்கு இந்நோய் உண்டு. நம் நாட்டில் சப்பாத்தி உண்ணும் வடமாநிலங்களில் இதன் அளவு மிகுதி. சோறு உண்ணும் தெற்கில் குறைவு. 2016 இல் வெளிவந்த ஓர் ஆய்வின்படி வடக்கில் நூற்றுக்கு ஒருவருக்குச் சற்று மேலாகவும், தெற்கில் ஆயிரத்துக்கு ஒருவர் அளவிலும் இந்நோய் காணப்பட்டது. கோதுமை உண்ணும் அளவில் உள்ள வேற்றுமையை ஆய்வாளர் இதற்குப் பெருங்காரணமாகக் கருதினர். நம் வீடுகளிலும் கோதுமைப் பண்டங்கள் பெருகிவரும் இக்காலத்தில், இஃது அயலார் நோய் என்று நாம் இருந்துவிடுவதற்கில்லை.

இந்நோய்க்கு இன்று உள்ள தீர்வு ஒன்றே. வாழ்நாள் முழுதும் குளூட்டன் உள்ள உணவை அறவே விலக்குதல் வேண்டும். சொல்வதற்கு எளிதாகத் தோன்றும் இந்நெறி, நடைமுறையில் எத்துணைக் கடிது என்பதைத் தொடங்கியவரே அறிவர். முதல் சில வாரங்களில் உடல் தேறத் தொடங்கும். பிறகு ஒருநாள் திடீரென்று வயிறு வலிக்கும், உப்பும், போகும். நான்தான் கோதுமையைத் தொடவில்லையே, இது எதனால் வந்தது என்று நோயாளி மயங்குவார். இதற்கு விடை தேடும் முறையே நம் பேச்சின் மையம்.

முதலில் ஐயுறத்தக்கது, அறியாமல் உள்ளே புகுந்த குளூட்டன். தொடரும் துன்பங்களுக்குப் பெரும்பாலும் காரணமாக இருப்பது இதுவே. ரவை, மைதா, சேமியா மூன்றும் கோதுமையின் மக்களே. ரவை உப்புமாவும் கேசரியும் ரவை தோசையும் ஆகா. திருநெல்வேலி அல்வா கோதுமைப் பாலில் கிண்டப்படுவது. கடைகளில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவு சேர்வது உண்டு. மால்ட் என்று பெயர் பெற்ற பானங்கள் பெரும்பாலும் பார்லியிலிருந்து வருவன. சோயா சாஸில் கோதுமை சேர்வது வழக்கம். ஓட்ஸ் தன்னளவில் வேறு தானியமாயினும், கோதுமையோடு கலந்து வருவது மிகுதி. தூய ஓட்ஸும் ஒரு சிலருக்கு ஆகாது.

இன்னும் நுட்பமானது கலப்பு. கம்பு, கேழ்வரகு, சோளம், தினை, சாமை, வரகு எல்லாம் இயல்பில் குற்றமற்றவை. ஆனால் தெருவிலுள்ள மாவு மில்லில் முன்னே வந்தவர் கோதுமை அரைத்துச் சென்றிருந்தால், அடுத்து விழும் கேழ்வரகு மாவில் அந்தக் கோதுமை கலந்தே வரும். பரோட்டா போட்ட கல்லில் சுட்ட தோசையும், சமோசா பொரித்த எண்ணெயில் பொரித்த பஜ்ஜியும் அவ்வாறே. ஒரு துளியால் என்ன கெடும் என்று கேட்கலாம். 2007 இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில், நாள்தோறும் 50 மில்லிகிராம் குளூட்டனை மூன்று திங்கள் உட்கொண்ட நோயாளிகளின் குடலில் கேடு காணப்பட்டது. ஒரு துண்டு ரொட்டியில் ஏறத்தாழ 2 கிராம் குளூட்டன் இருக்கும். அதனை நாற்பது கூறாக்கினால் ஒரு கூறுதான் அந்த 50 மில்லிகிராம். குளூட்டன் இல்லாதது என்று உறையில் அச்சிடும் உணவில் ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருத்தலாகாது என்று நம் நாட்டுச் சட்டமும் உலகப் பொது நெறியும் வரையறுத்திருப்பது இதனால்தான்.

இரண்டாவது ஐயுறத்தக்கது பால். பாலிலுள்ள சர்க்கரையைச் செரிக்கும் நொதி, குடலுறிஞ்சிகளின் நுனியில் இருப்பது. உறிஞ்சிகள் தேய்ந்தபோது அந்த நொதியும் போய்விடுகிறது. அப்போது பால் குடித்தால் அரைமணி முதல் இரண்டு மணி நேரத்திற்குள் உப்புசமும் போக்கும் வரும். இஃது உடலின் போர் அன்று. செரிக்கும் கருவி பழுதான நிலை. குடல் ஆறியதும் பலருக்குப் பால் மீண்டும் ஏற்கும். தயிர் முன்னரேயும் ஏற்கலாம்.

மூன்றாவது, வெங்காயம், பூண்டு, பயறு வகைகள் முதலியவற்றில் உள்ள சில சர்க்கரைப் பொருள்கள். இவை பெருங்குடலில் நுண்ணுயிர்களால் புளித்து வாயுவை உண்டாக்கும். கோதுமையிலும் இவ்வகைப் பொருள் உண்டு. ஆகவே கோதுமையை நிறுத்தியவுடன் வாயு குறைந்தது என்பது மட்டுமே சீலியாக் நோய்க்குச் சான்றாகிவிடாது.

நான்காவது, கோதுமை ஒவ்வாமை என்னும் வேறு நோய். இது கோதுமை உண்ட சில நிமிடம் முதல் இரண்டு மணி நேரத்திற்குள் தோலில் தடிப்பு, உதட்டு வீக்கம், மூச்சுத் திணறல் என்று விரைந்து தோன்றும். உயிர்க்கும் கேடு விளைக்கும். இதன் இயல்பும் மருத்துவமும் வேறு. மூச்சுத் திணறினால் ஆராய்ச்சிக்கு நேரம் இல்லை. உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

இத்தனை காரணங்கள் ஒரே வயிற்று வலியாக முகம் காட்டினால், பிரித்தறிவது எங்ஙனம்? குறிப்பேடு ஒன்றே வழி. அதில் நாள், வேளை, உண்ட பண்டம், அளவு, எங்கே சமைத்தது, உறையில் கண்ட சேர்மானம், தோன்றிய துன்பம், தோன்றிய நேரம் ஆகியவற்றை எழுதுதல் வேண்டும். அன்று தேர்வு இருந்ததா, உறக்கம் கெட்டதா, காய்ச்சலுக்கு மருந்து உண்டதா என்பனவும் எழுதத்தக்கவை. துன்பமற்ற நாள்களையும் விடாமல் எழுத வேண்டும். பலரும் தவறுவது இவ்விடத்தில்தான். வலித்த நாளை மட்டும் எழுதியவர், பகைவர் வந்த நாளை மட்டும் குறித்த காவலாளியை ஒப்பர்; வழக்கமாக வந்துபோவோர் யார் என்பது அவருக்குத் தெரியாது.

ஓர் எடுத்துக்காட்டு கூறுவேன். கல்லூரி விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவி ஒருத்தியைக் கற்பனை செய்துகொள்வோம். சீலியாக் நோய் என்று மருத்துவர் அறுதியிட்டபின், அவள் குளூட்டன் இல்லா உணவைத் தொடங்கி ஒரு திங்கள் ஆகிறது. 28 நாள்களில் 7 நாள்கள் அவளுக்கு வயிற்றுத் துன்பம். கத்தரிக்காயே காரணம் என்று அவள் எண்ணுகிறாள். ஏனெனில் துன்புற்ற நாள்களில் 3 நாள்கள் அவள் கத்தரிக்காய் உண்டது நன்கு நினைவில் இருக்கிறது. இனிக் குறிப்பேட்டைப் புரட்டுவோம். கத்தரிக்காய் உண்ட நாள்கள் மொத்தம் 12. அவற்றுள் துன்புற்றவை 3. உண்ணாத நாள்கள் 16. அவற்றுள் துன்புற்றவை 4. அஃதாவது உண்டபோதும் நான்கில் ஒரு நாள் துன்பம். உண்ணாதபோதும் நான்கில் ஒரு நாள் துன்பம். கத்தரிக்காய் குற்றமற்றது.

அடுத்துப் பாலைப் பார்ப்போம். மாலையில் ஒரு குவளை பால் குடித்த நாள்கள் 8. அவற்றுள் துன்புற்றவை 6. குடிக்காத நாள்கள் 20. அவற்றுள் துன்புற்றது 1. இப்பொழுது ஐயம் வலுக்கிறது. ஆனால் ஐயம் வலுத்தமை தீர்ப்பு ஆகாது. டிக்கே செய்ததுபோல் சோதிக்க வேண்டும். வேறெதனையும் மாற்றாமல் பாலை மட்டும் இரண்டு வாரம் நிறுத்துகிறாள், துன்பம் நிற்கிறது. மீண்டும் சிறிதளவு குடிக்கிறாள், துன்பம் வருகிறது. மறுபடி நிறுத்துகிறாள், நிற்கிறது. இப்பொழுது பால்தான் காரணம் என்று துணியலாம். சில திங்கள் கழிந்து குடல் ஆறியபின் மறுபடியும் அவள் பாலைச் சோதித்துப் பார்த்தல் நன்று.

பால் குடிக்காமலே துன்புற்ற அந்த ஒரு நாள் எஞ்சி நிற்கிறது. அது தானே வந்தது என்று தள்ளிவிடலாகாது. குறிப்பேட்டில் அந்நாளின் பக்கத்தையும் அதற்கு முந்தைய நாளின் பக்கத்தையும் பார்க்கிறாள். நண்பர்களோடு வெளியே சென்று, பரோட்டாவும் தோசையும் ஒரே கல்லில் போடும் கடையில் தோசை உண்டது எழுதப்பட்டிருக்கிறது. ஆறு நாள்களுக்குப் பால் காரணம். ஏழாம் நாளுக்குக் குளூட்டன் காரணமாக இருத்தல் கூடும். குறிப்பேடு இல்லையேல் அவள் கத்தரிக்காயை விலக்கி, பின் பருப்பை விலக்கி, பின் நிலக்கடலையை விலக்கி, வெறுஞ்சோற்றோடு மெலிந்திருப்பாள். பாலையும் அந்தக் கடைத் தோசையையும் விடாமல் உண்டிருப்பாள்.

இனி, உயிர்நிலையான எச்சரிக்கைகள் நான்கு. ஒன்று: பாலைச் சோதித்ததுபோல் குளூட்டனை உண்டு பார்த்துச் சோதித்தலாகாது. சீலியாக் நோய் உள்ளவர் தாமே அதனைச் செய்தால், விடையை அறியுமுன் குடல் புண்படும். மருத்துவர் மேற்பார்வையில் நிகழ்வது வேறு.

இரண்டு: துன்பம் தோன்றாமை தீங்கின்மைக்குச் சான்று ஆகாது. குளூட்டன் புகுந்தபின் சிலர் சில மணி நேரத்தில் வாந்தி எடுப்பர். சிலருக்கு மறுநாள் தோன்றும். சிலருக்கு ஒன்றுமே தோன்றாது. தோன்றாதவருக்கும் குடல் தேய்தல் கூடும். ஒரு சப்பாத்தி தின்றேன், ஒன்றும் ஆகவில்லை. எனக்கு நோய் தீர்ந்துவிட்டது என்று எண்ணுவோர் தம்மைத் தாமே ஏமாற்றிக்கொள்வோர். குறிப்பேடு எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதை அறிந்து பயன்படுத்த வேண்டும். குடலின் நிலையை அறிய இரத்தச் சோதனை உண்டு. இந்நோயில் இரத்தத்தில் தோன்றும் ஒருவகை எதிர்ப்பொருள், உணவு நெறி சரியாக இருந்தால் திங்கள்தோறும் குறைந்துவரும். அதனை ஏறத்தாழ ஆறு திங்களிலும் ஓராண்டிலும் மருத்துவர் அளந்து பார்ப்பர். குழந்தைகளின் குடல் விரைந்து ஆறும். பெரியோர்க்கு இரண்டு ஆண்டுகளோ அதற்கு மேலோ ஆகலாம்.

மூன்று: நோயென்று ஐயம் எழுந்தவுடன் கோதுமையை நிறுத்திவிட்டுப் பின்னர் மருத்துவரிடம் செல்லுதல் முறையன்று. இரத்தச் சோதனையும், சிறுகுடலின் மேற்பகுதியிலிருந்து துணுக்கு எடுத்துப் பார்க்கும் சோதனையும் குளூட்டன் உண்ணும் காலத்திலேயே உண்மை பேசும். நிறுத்தியபின் குடல் ஆறத் தொடங்கினால், நோய் உள்ளவருக்கும் இல்லையென்று விடை வரக்கூடும். சோதனை முன்னே, விரதம் பின்னே என்று நினைவிற் கொள்ளுங்கள்.

நான்கு: உணவை நெறியாக உண்டும் துன்பம் தொடர்ந்தால், மேலும் மேலும் பண்டங்களை விலக்கிக்கொண்டே போகாமல் மருத்துவரிடமும் உணவியல் வல்லாரிடமும் குறிப்பேட்டைக் கொண்டுசெல்ல வேண்டும். உடல் மெலிதல், மலத்தில் இரத்தம், தொடர்ந்த வாந்தி, இரவில் எழுப்பும் போக்கு ஆகியவை தோன்றினால் காலந்தாழ்த்தலாகாது. பண்டங்களைக் குறைத்தவனை நோய் விட்டுப் போகும் என்பது உறுதியில்லை. இரும்புச்சத்தும் சுண்ணாம்புச்சத்தும் குறைந்து எலும்பும் இரத்தமும் கெடும் என்பது உறுதி.

தமிழ்நாட்டு மாணவர்க்கு ஒரு நற்பேறு உண்டு. மாவில் வேறு கலப்பு இல்லையேல் இட்டிலியும் தோசையும், இடியாப்பமும் புட்டும், பொங்கலும் ஆப்பமும், கூழும் களியும் இயல்பிலேயே குளூட்டன் அற்றவை. ரொட்டியையே முதல் உணவாகக் கொண்ட நாட்டில் இந்நோயாளி தனி உணவுக்குப் பெரும்பொருள் செலவிட வேண்டும். நம் வீட்டில் அரிசியையும் உளுந்தையும் நம் ஆட்டுக்கல்லிலோ, நம் கிரைண்டரிலோ அரைத்துக்கொண்டால் போதும். கட்டிப் பெருங்காயத்தின் சேர்மானத்தைப் படித்து வாங்குவதும், கேழ்வரகை வீட்டில் அரைத்துக்கொள்வதும், தோசைக்கல்லைத் தனியே வைப்பதும் செல்வர்க்கே இயல்வன அல்ல. உறையில் அடைத்த பண்டங்களில் கோதுமை, பார்லி, ரை, ஓட்ஸ் ஆகியவை இருந்தால் அதனை அச்சிட வேண்டும் என்பது சட்டம். படிக்கத் தெரிந்த மாணவர், படிக்கத் தெரியாத தம் பாட்டிக்கும் அடுத்த வீட்டாருக்கும் அதனைப் படித்துச் சொல்லலாம்.

இறுதியாக, நோயில்லாத மாணவர்க்கு ஒரு சொல். உங்கள் வகுப்பிலோ விடுதியிலோ இந்நோய் உடையவர் ஒருவர் இருக்கலாம். பிறந்தநாள் விருந்தில் அவர் இனிப்பை மறுப்பார். பந்தியில் சமையற்காரரிடம் பல கேள்வி கேட்பார். தம் தட்டையும் கரண்டியையும் தனியே வைத்துக்கொள்வார். அவரைச் செருக்குடையவர் என்றோ, நாவுக்கு அடிமையென்றோ எள்ளாதீர்கள். ஒரு வாய் உண்டால் என்ன என்று வற்புறுத்தாதீர்கள். அன்பினால் ஊட்டும் அந்த ஒரு வாயே அவருடைய பல திங்கள் முயற்சியைக் கெடுத்துவிடக்கூடும். அவர் கேட்கும் கேள்வி, டிக்கே பல ஆண்டுகள் கேட்ட கேள்வியே ஆகும்: இதில் என்ன சேர்ந்திருக்கிறது? அந்தக் கேள்விக்குப் பொறுமையோடும் உண்மையோடும் விடை சொல்லுங்கள். விடை தெரியவில்லையென்றால், தெரியவில்லை என்று சொல்லுங்கள். அவர் உண்ணாமல் எழுந்து வேறு உணவு தேடிக்கொள்வார். அது உங்களுக்கு இழிவும் அன்று, அவருக்குக் குறையும் அன்று.